எம்ஆர்ஐ சொல்லும் ஜோசியமும் 70 கொண்டை ஊசி வளைவும்

1/ "ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேனை வெச்சே, ப்ராஸ்டேட் கேன்சர் திரும்ப வருமா வராதான்னு சொல்லிடலாமாமே டாக்டர்?" இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது. பதில்: ஓரளவு சொல்லலாம். ஆனா சொன்ன பிறகு என்ன செய்யப் போறோம்ங்கிறதுதான் பெரிய கேள்வி. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ இதை சென்னையில உட்கார்ந்து யோசிக்காம, கொல்லிமலை அரியூர் நாட்டுல இருந்து யோசிப்போம். நாமக்கல் மாவட்டம். காரவள்ளி வழியா ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. மலைமேல செம்மேட்டுல அரசு மருத்துவமனை இருக்கு. ஆனா எம்ஆர்ஐ, ப்ராஸ்டேட் ஆபரேஷன், கதிர்வீச்சு இது எல்லாத்துக்கும் கீழே இறங்கித்தான் ஆகணும். ஒரு மருத்துவ முன்னேற்றம் நிஜமாவே முன்னேற்றமான்னு பார்க்க இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

3/ முதல்ல அடிப்படை. ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சின்ன சுரப்பி. வயசானா அது வீங்கும். ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறது, ஒன்னுக்கு சொட்டுச் சொட்டாப் போறது இதெல்லாம் பெரும்பாலும் அந்த வீக்கத்தால. எல்லாமே கேன்சர் இல்ல. ஆனா கேன்சர் ஆரம்பத்துல எந்த அறிகுறியும் காட்டாம இருக்கலாம். அதனாலதான் நம்ம நாட்டுல பல பேர் முதுகெலும்பு வலியோட, எலும்புக்குப் பரவின பிறகு வர்றாங்க.

4/ சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிச்சா, சுரப்பியை முழுசா எடுத்துடலாம். எடுத்த பிறகு கண்காணிக்க ஒரு சுலபமான வழி இருக்கு: பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. பிஎஸ்ஏவை உற்பத்தி பண்றதே ப்ராஸ்டேட் செல்தான். சுரப்பியே இல்லைன்னா அளவு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரணும். அப்புறம் 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அதே மாதிரி இருந்தா, எங்கேயோ கேன்சர் செல் மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

5/ சரி, எம்ஆர்ஐ என்ன பார்க்குது? இதுல எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. காந்தம்தான். திசுவுக்குள்ள தண்ணி மூலக்கூறு எவ்வளவு சுதந்திரமா நகருதுன்னு அது அளக்கும். கேன்சர் இருக்கிற இடத்துல செல்கள் நெருக்கியடிச்சு நிற்கும், தண்ணி நகர இடம் இருக்காது. படத்துல அந்த இடம் தனியாத் தெரியும். சந்தேகம் எவ்வளவுன்னு 1 முதல் 5 வரை 'பை-ராட்ஸ்' மதிப்பெண் போடுவாங்க.

6/ கண்டுபிடிக்கிறதுல எம்ஆர்ஐ கெட்டின்னு நிரூபணம் ஆயிடுச்சு. 2017-ல் பிரிட்டனில் 576 ஆண்களை வெச்சு நடந்த 'ப்ராமிஸ்' ஆய்வுல, ஆபத்தான கேன்சர் இருந்தவங்கள்ல 93 சதவீதம் பேரை எம்ஆர்ஐ அடையாளம் காட்டுச்சு. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போட்டு சதை எடுக்கிற பழைய முறை காட்டினது 48 சதவீதம்.

7/ ஆனா கண்டுபிடிக்கிறது வேற, பின்னால நடக்கப்போறதைக் கணிக்கிறது வேற. கணிப்புக்கு எம்ஆர்ஐ மூணு விஷயம் தரும்.
ஒண்ணு: கட்டி சுரப்பியோட உறையைத் தாண்டிடுச்சா, பக்கத்துல இருக்கிற விந்துப்பையைத் தொட்டுடுச்சா.
ரெண்டு: எந்தப் பக்கத்து நரம்பைக் காப்பாத்தலாம். தாம்பத்யம் இதைப் பொறுத்தது.
மூணு: ஆபரேஷனுக்கு அப்புறம் மூத்திரக் கட்டுப்பாடு எப்போ திரும்பும்.

8/ மூணாவதைப் பத்தி யாரும் பேசறதில்ல. ப்ராஸ்டேட்டுக்குக் கீழே, மூத்திரத்தை அடக்குற தசை சூழ்ந்த ஒரு சின்னக் குழாய்த் துண்டு இருக்கு. அது நீளமா இருந்தா கட்டுப்பாடு சீக்கிரம் திரும்புது, குட்டையா இருந்தா தாமதமாகுதுன்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. எம்ஆர்ஐயில அதை மில்லிமீட்டர்ல அளந்துடலாம். ஆனா எத்தனை ரிப்போர்ட்ல அந்த அளவை எழுதுறாங்க?

9/ மிளகுக்கொடி ஏறி இறங்குற, சுமை தூக்கிட்டு மேட்டுல நடக்குற ஒரு மனுஷனுக்கு இது சின்ன விஷயமில்ல. சுமை தூக்கும்போதுதான் மூத்திரம் கசியும். "உங்களுக்குக் கொஞ்சம் மாசம் ஆகும், இடுப்புத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிங்க"ன்னு சொல்லி அனுப்புறது ஒரு நல்ல கணிப்பு. ஏன்னா அதைக் கேட்டு அவர் செய்ய ஒரு வேலை இருக்கு.

10/ இப்போ முதல் விஷயத்தோட பலவீனம். 2016-ல் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. உறையைத் தாண்டாத 100 பேர்ல 91 பேரை எம்ஆர்ஐ சரியா "தாண்டலை"ன்னு சொல்லுது. நிஜமாவே தாண்டின 100 பேர்ல 57 பேரைத்தான் கண்டுபிடிக்குது. மீதி 43 பேருக்கு ரிப்போர்ட் நிம்மதியா இருக்கும், உள்ளே நிலைமை வேற. "எம்ஆர்ஐ க்ளீன், இனி கவலையில்ல"ன்னு யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

11/ அந்த இடத்துலதான் ஏஐ வருது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை ஸ்கேன்ல இருந்து கணினி எடுத்து, கேன்சர் திரும்புற வாய்ப்பைக் கணக்குப் போடும். அனந்த் மதபூஷி அமெரிக்காவுல நடத்தின ஆய்வுக்குழு 2021-ல் 'ராட்கிளிப்'னு ஒரு முறையை வெளியிட்டது. நல்ல வேலை. ஆனா அது 198 நோயாளிகளோட ஸ்கேன்ல இருந்து வந்தது. மெஷின் மாறினா, படம் எடுக்கிற விதம் மாறினா, கணக்கும் மாறலாம். நம்ம மெஷின்ல, நம்ம ஆட்கள்கிட்ட சோதிச்ச பிறகுதான் நம்பணும்.

12/ சரி, அதுவும் பலிச்சிடுச்சுன்னே வெச்சுக்குவோம். அரியூர் நாட்டுல 66 வயசு விவசாயி ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஆபரேஷன் முடிஞ்சது. கணினி சொல்லுது: "திரும்ப வர வாய்ப்பு அதிகம்." இனி என்ன?

13/ முன்னெல்லாம் இவங்களுக்கு உடனே கதிர்வீச்சு, நம்ம ஊர்ல சொல்ற மாதிரி 'கரண்ட்', கொடுத்துடலாமான்னு பெரிய விவாதம் இருந்துச்சு. 2020-ல் 'ராடிக்கல்ஸ்' ஆய்வு வந்தது. ஆபரேஷன் முடிஞ்ச 1,396 பேர். பாதிப்பேருக்கு உடனே கரண்ட். மீதிப்பேருக்கு பிஎஸ்ஏவைக் கவனிச்சு, ஏறினா மட்டும் கரண்ட். நோயைக் கட்டுப்படுத்துறதுல உடனே கொடுத்ததால ஆதாயம் எதுவும் தெரியலை. மூத்திரத் தொந்தரவுதான் அதிகமாச்சு. மிக அதிக ஆபத்து உள்ள சிலரைப் பத்தி மட்டும் இன்னும் விவாதம் இருக்கு. மத்தவங்களுக்கு, காத்திருக்கலாம்.

14/ இதுல எல்லாரும் தாண்டிப் போற ஒரு வரி இருக்கு. அந்த ஆய்வுல காத்திருந்தவங்க சும்மா காத்திருக்கலை. சொன்ன தேதிக்கு ரத்தம் எடுத்தாங்க. ஏறினதும் உடனே கூப்பிட்டாங்க. "காத்திருக்கலாம்"ங்கிற முடிவு அந்த ரத்தப் பரிசோதனை மேலதான் நிற்குது. அதை எடுத்துட்டா அது காத்திருப்பு இல்ல, கைவிடுறது.

15/ இப்போ நம்ம விவசாயிக்கு வாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சாலும் 5 வருஷத்துல 10 தடவை. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் இன்னும் அடிக்கடி எடுக்கணும். அதை விடுங்க, 10-ஐயே எடுத்துக்குவோம். இறங்க 70 வளைவு, ஏற 70. மொத்தம் 1,400 வளைவு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, துணைக்கு வர்ற மகனோட கூலியும் போச்சு. எதுக்கு? ஒரு டியூப் ரத்தத்துக்கு.

16/ ரெண்டு தடவை நார்மல்னு வந்தா மூணாவது தடவை அவர் வர மாட்டார். உடம்பு நல்லா இருக்கே, எதுக்கு வீண் செலவுன்னு தோணும். அது அலட்சியம் இல்ல, அவரோட கணக்கு அது. நானா இருந்தாலும் அதே கணக்குத்தான் போடுவேன்.

17/ என் கருத்து இதுதான்: கணிப்பு ஒரு சதவீதமா முடியக்கூடாது, ஒரு தேதியா முடியணும். "உங்களுக்கு 30 சதவீத ஆபத்து"ன்னு சொல்றது ஜோசியம். "பங்குனி கடைசி வாரம் செம்மேட்டுல ரத்தம் எடுக்கிறோம், ஏறியிருந்தா நாங்களே ஃபோன் பண்ணுவோம், கரண்டுக்கு எந்த ஆஸ்பத்திரின்னு இப்பவே பேசி வெச்சிருக்கோம்"னு சொல்றதுதான் வைத்தியம்.

18/ இது நடக்காத காரியமா? இல்ல. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடிப் போகுது. மாத்திரை மலை ஏற முடியும்னா ரத்தம் மலை இறங்க முடியாதா? மேலேயே ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரிச்சு, ஐஸ் பெட்டியில கீழே அனுப்பினா போதும். மனுஷன் வர வேண்டியதில்ல.

19/ "ஒரு மலைக்கு எத்தனை ப்ராஸ்டேட் நோயாளி இருப்பாங்க, இதுக்காக ஒரு ஏற்பாடா?"ன்னு கேட்பீங்க. கொஞ்சம் பேர்தான். ஆனா அதே பெட்டியில சுகர் நோயாளியோட மூணு மாச சராசரி ரத்தமும், தைராய்டு ரத்தமும் சேர்ந்தே போகும். பாதை ஒண்ணு போட்டா எல்லாரும் நடக்கலாம்.

20/ எம்ஆர்ஐ கணிப்புக்கு நிஜமான மதிப்பு அப்போதான் வரும். ஆபத்து குறைவா? ரத்தம் மட்டும் இறங்கட்டும், ஆள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். அதிகமா? அவர் பேரைத் தனியா எழுதி வெச்சு, தேதி தவறினா தேடிப் போகணும். யாரை விரட்டிப் பிடிக்கணும்னு சொல்றதுக்குத்தான் கணிப்பு.

21/ உங்க வீட்டுல யாருக்காவது ப்ராஸ்டேட் சந்தேகம்னா இந்த நாலை மறக்காதீங்க:
• சதை டெஸ்ட்டுக்கு முன்னாடியே எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு கேளுங்க. ஊசி போட்ட பிறகு எடுத்தா ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும், சில வாரம் காத்திருக்கணும்.
• உடம்புக்குள்ள பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தா முதல்லயே சொல்லுங்க.
• உறை, விந்துப்பை, மூத்திரக் குழாய் நீளம், இந்த மூணும் ரிப்போர்ட்ல இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.
• டிஸ்சார்ஜ் அன்னிக்கு, அடுத்த பிஎஸ்ஏ தேதியைத் தமிழ்ல எழுதி வாங்குங்க. அந்தச் சீட்டை ரேஷன் கார்டோட சேர்த்து வையுங்க.

22/ காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை இருக்கு. பெரிய ஆபரேஷனுக்குப் பணம் ஒதுக்கத் தெரிஞ்ச அரசுக்கு, அதுக்கு அப்புறம் வர்ற ஒரு டியூப் ரத்தத்தை மலையில இருந்து இறக்கவும் தெரியணும். கொல்லிமலைக்கு மட்டுமில்ல, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரிக்கும் இதேதான் கேட்கிறேன். உங்க பகுதியில ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் கொடுக்க எவ்வளவு தூரம் போறாங்கன்னு கீழே எழுதுங்க.