பல், நகம், ஒரு பட்டப்பெயர்!

இந்த வாரம் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் ஆரம்பிக்கிறேன்.

பாகூர் பக்கம் நான் படித்த ஸ்கூலில் ஒரு பையன் இருந்தான். வாயில் கூர்கூராக ரெண்டு மூணு பல். தலையில் மெல்லிசாகக் கொஞ்சம் முடி. 'பொக்கைத் தாத்தா' என்றுதான் கூப்பிடுவோம். இன்டர்வெல் பெல் அடித்தால் குழாயடிக்கு ஓடி, சட்டையோடு தண்ணியை ஊத்திக்குவான். ஈரச்சட்டையோடு கிளாஸுக்கு வந்ததற்காக வாரத்தில் ரெண்டு நாளாவது பெஞ்சு மேல நிற்பான். 'சீன் போடறான்டா'ன்னு நாங்க சிரிப்போம்.

பல வருஷம் கழித்து, பல் டாக்டராகிவிட்ட ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியாவா இருந்திருக்கும். அவனுக்கு வியர்வையே வந்திருக்காதுப்பா" என்றார்.

பல்லுக்கும் வியர்வைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? நானும் அதையேதான் கேட்டேன்.

அம்மா வயிற்றில் கரு வளரும்போது, அதன் வெளிப்படலத்துக்கு எக்டோடெர்ம் என்று பெயர். முடி, நகம், வியர்வைச் சுரப்பி, பல்லின் எனாமல் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஆறாவது வாரத்திலேயே தாடையில் பல் முளைக்க வேண்டிய இடம் தடிக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் ஒரு மரபணுவின் கட்டளை பிசகினால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிகிற உறுப்புகள் சேர்ந்தே பாதிக்கப்படும்.

இதில் பல வகை உண்டு. 1965-ல் கார்ல் விட்காப் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் விவரித்தது, பல்லையும் நகத்தையும் மட்டும் குறிவைக்கும் வகை. பால் பல் பெரும்பாலும் ஒழுங்காக வரும். அதற்கடுத்து வர வேண்டிய நிலைப்பற்கள் சில முளைக்கவே முளைக்காது. நகம், அதிலும் கால் நகம், சின்ன வயதில் மெல்லிசாக, ஸ்பூன் மாதிரி குழிந்திருக்கும். வளர வளர சரியாகிவிடுவதால் யாரும் கண்டுக்க மாட்டாங்க. எம்.எஸ்.எக்ஸ்.1 என்ற மரபணுதான் காரணம் என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். வியர்வை இவர்களுக்கு ஒழுங்காகவே வரும்.

என் கிளாஸ்மேட்டுக்கு இருந்திருக்கக்கூடியது இன்னொரு வகை. அதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சொன்னது யார் தெரியுமா? சார்லஸ் டார்வின்! வளர்ப்பு விலங்குகள், தாவரங்கள் பற்றிய தன் புத்தகத்தின் 1875-ஆம் வருட இரண்டாம் பதிப்பில், அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த சிந்து பகுதியின் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நாலு தலைமுறையில் பத்து ஆண்கள். ரெண்டு தாடையிலும் சேர்த்து சின்னதாக நாலு வெட்டுப்பல், எட்டுக் கடைவாய்ப்பல், அவ்வளவுதான். உடம்பில் முடி கம்மி, சீக்கிரமே வழுக்கை, வெயில் காலத்தில் தோல் வறண்டு படாத பாடு. பெண்களுக்கு இது வரவில்லை. ஆனால் அவர்கள் வழியாக மகன்களுக்கு வந்தது.

மரபணு என்ற பேச்சே இல்லாத காலத்தில் இதைக் கவனித்திருக்கிறார்கள், பாருங்க! எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இ.டி.ஏ. மரபணுவை விஞ்ஞானிகள் பிடித்தது 1996-ல்தான். அதில் பழுது உள்ள தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தத் தாய்க்கு ஒரு பல் குறைவாகவோ கூம்பாகவோ இருக்கலாம், வெளியே எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். இது புரியாமல் 'கிரகணத்துல வெளியே வந்தா', 'வாயும் வயிறுமா இருக்கும்போது எதையோ தின்னா' என்று அந்தம்மாவைக் கரித்துக் கொட்டுகிற வீடுகளை என்ன சொல்ல?

வில்லியனூர் தேர் அன்றைக்கு மாடவீதியில் நின்று பாருங்கள். நமக்கு வியர்த்து ஊத்தும், அலுத்துக்குவோம். வியர்வை இல்லாத குழந்தைக்கு அதே வெயிலில் உடம்புச் சூடு எகிறும், உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. நிழல், ஃபேன், ஈரத்துணி, தண்ணீர்... இவைதான் மருந்து. அவன் குழாயடிக்கு ஓடியதை யோசித்துப் பாருங்க.

பல்லுக்கு வழி இருக்கிறது. மூணு, நாலு வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட் வைக்கலாம். தாடை வளர வளர அதை மாற்ற வேண்டும். வளர்ச்சி நின்ற பிறகு, அதாவது உங்க வயசில், இம்பிளான்ட் பற்றி யோசிக்கலாம். காலேஜ் வந்தும் பால் பல் விழாமல் இருக்கும் ஃப்ரெண்ட் இருந்தால், முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் ஏறிப் போய்வரும் தூரம்தான்.

2018-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர டாக்டர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பிறக்கும் முன்பே, பனிக்குட நீரில் அந்தக் குறைந்த புரதத்தை ஊசி மூலம் செலுத்தியதில், மூன்று ஆண் குழந்தைகளுக்கு வியர்வை வந்ததாம். வியர்வைக்காக ஒரு வீடே சந்தோஷப்பட்டிருக்கும், இல்லையா?

என் கிளாஸ்மேட் ஒன்பதாவதோடு ஸ்கூலை விட்டு நின்றுவிட்டான். இதை எழுத உட்கார்ந்தபோது அவன் பெயரை எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. நாங்க வெச்ச பட்டப்பெயர்தான் வருது.