நாயின் தோலுக்குள் எண். விலாசம் எந்த ஏட்டில்?

காணாமற்போன நாயைத் தேடிக் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டுவது பெங்களூர்வாசிகளுக்குப் புதிதல்ல. இதற்கு மாற்றாக இப்போது பேசப்படுவது ‘மைக்ரோசிப்’. 2024-ல் அப்போதைய பெங்களூர் மாநகராட்சி, மல்லேஸ்வரம், மத்திகெரே வட்டாரத் தெருநாய்களுக்கு இதைப் பரீட்சார்த்தமாகப் பொருத்தியது. சென்னை மாநகராட்சியோ 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கே இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

நாய் எங்கே ஓடினாலும் இது காட்டிக் கொடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அரிசி மணி அளவே உள்ள இந்தக் குப்பியில் பாட்டரி கூடக் கிடையாது. தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதற்குரிய கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் வேறோர் ஏட்டில் இருக்க வேண்டும்.

சிக்கல் அந்த ஏட்டில்தான். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு இது கட்டாயம்; விலாசம் மாறினால் ஏட்டைத் திருத்துவதும் வளர்ப்பவரின் சட்டக் கடமை. நம் நாட்டில் மாட்டுக்காவது நாடு முழுவதற்கும் பொதுவான 12 இலக்கக் காதுப்பட்டை எண் உண்டு. நாய் உரிமமோ அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பு. பெங்களூரிலேயே 2025 செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தாகிவிட்டது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலமே வேறு. தீபாவளிக்கு ஊருக்கு அழைத்துச் சென்ற நாய் ஓசூரில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டால், அங்குள்ள கால்நடை மருத்துவர் எண்ணைப் படித்த பிறகு எந்த ஏட்டைப் புரட்டுவார்?

வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறுகிறது. சிலருக்குப் போன் நம்பரும் மாறுகிறது. ரேஷன் கார்டில் விலாசம் மாற்றவே அலுத்துக்கொள்பவர், நாயின் விலாசத்தை மாற்ற நினைவு வைத்திருப்பாரா என்பது சந்தேகமே. பழைய விலாசத்துக்கு உரிய எண், எண்ணே இல்லாததற்குச் சமம்.

இதனால் மைக்ரோசிப்பே வீண் என்று கூறிவிட முடியாது. கழுத்துப்பட்டை அறுந்து விழும், இது விழாது. நாய்பிடி வண்டியில் தெருநாய்களோடு சேர்ந்துவிட்ட வளர்ப்பு நாயைப் பிரித்தறியவும், ‘இது என் நாய்’ என்று இருவர் வழக்காடும்போது தீர்த்துவைக்கவும் இது உதவும். எனவே ஊசி போடும் அன்றே எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்த ஏட்டில் பதிவாகிறது, விலாசம் மாறினால் யாரிடம் சொல்வது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. போன் நம்பர் எழுதிய கழுத்துப்பட்டையையும் கழற்ற வேண்டாம். அதைப் படிக்க டீக்கடைக்காரருக்குக் கருவி எதுவும் தேவையில்லை.