பாட்டியின் புடவை என்ன நிறம்?

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் செயலியில் போட்டால் சில நொடிகளில் வண்ணப் படமாக வந்துவிடுகிறது. பார்த்துக் கண் கலங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிறங்கள் படத்துக்குள் ஒளிந்திருந்தன, மென்பொருள் அவற்றை வெளியே எடுத்தது என்று பலரும் நம்புகிறார்கள். அவை அங்கே இல்லவே இல்லை.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். விழுந்தபின் பிரிக்க வழியில்லை. பிறகு மென்பொருள் என்னதான் செய்கிறது? 2016-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் ஐசோலா, அலெக்ஸி ஈஃப்ரோஸ் மூவரும் வெளியிட்ட முறையைப் பார்க்கலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களின் நிறத்தை நீக்கி, வெளிச்சத்தை மட்டும் காட்டி, விடுபட்ட நிறத்தைச் சொல்லும்படி கணினியைப் பழக்கினார்கள். உண்மையான நிறத்தை மீட்பது எங்கள் நோக்கமல்ல, நம்பும்படியான நிறத்தைத் தருவதே நோக்கம் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள்.

புல்லுக்கும் வானத்துக்கும் இது போதும். புடவைக்குப் போதாது. அது அரக்காக இருக்கலாம், மயில்கழுத்து நிறமாக இருக்கலாம், மாம்பழ மஞ்சளாகவும் இருக்கலாம். இப்படித் தடுமாறும் இடத்தில் கணினி எல்லாவற்றுக்கும் நடுவான ஒரு மங்கல் பழுப்பைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் அந்த மூவரும் அரிய நிறங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். படம் பளிச்சென்று ஆனது. ஊகம் ஊகமாகவே இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நெற்றியில் இட்ட குங்குமம் அதில் கறுப்பாக விழும். அரக்குப் புடவையும் ஏறக்குறைய கறுப்புதான். முகமும் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். இன்றைய படங்களில் பழகிய மென்பொருளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? குங்குமத்தைக் கறுப்புப் பொட்டாகவே விட்டுவிடக்கூடும். நாமும் பாட்டி சாந்துப் பொட்டு வைத்திருந்தாள் என்று எண்ணிக்கொள்வோம்.

வண்ணம் ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூலப்படத்தை ஸ்கேன் செய்து, கை வைக்காமல் தனியே சேமியுங்கள். வண்ணப் பிரதியைப் பகிரும்போது, நிறம் மென்பொருளின் ஊகம் என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் புடவையைக் கண்ணால் பார்த்தவர் யாராவது வீட்டில் இருந்தால், செயலியைத் திறக்குமுன் அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.