சைக்கிள் ஈவென்ட்டுக்குப் போறீங்களா? கட்டணத்தை விடுங்க, மொத்தச் செலவைப் பாருங்க

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் லிங்க் போடுவார். “குற்றாலம் சீசன், புளியறை வரைக்கும் சைக்கிள் ரைடு, 1,500 ரூபாய்தான்.” அஞ்சே நிமிஷத்தில ஆறு பேர் ஓகே சொல்லிடுவாங்க. அதில ஒருத்தர் மட்டும் மாசக் கடைசி பேலன்ஸை நினைச்சுக்கிட்டே ஓகே போட்டிருப்பார். இந்தப் பதிவு முக்கியமா அவருக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். நீங்க சென்னையில இருக்கீங்கன்னு வச்சுக்கங்க. பதிவுக் கட்டணம் 1,500. செங்கோட்டைக்கு ரயில் போக வர, சைக்கிளை பார்சல்ல போடுறது எல்லாம் சேர்த்து 1,800. சீசன் நேரத்து லாட்ஜ் பங்கு 1,500. சாப்பாடு, ஆட்டோ 1,200. ஹெல்மெட், லைட், டியூப்னு புதுசா வாங்குறது 4,000. மொத்தம் 10,000. நீங்க பார்த்து முடிவெடுத்த கட்டணம் இதில வெறும் 15 சதவீதம். கையில 28,000 வாங்குற நண்பருக்கு இது சம்பளத்தில மூணுல ஒரு பங்குக்கு மேல.

அதனால என் கருத்து இதுதான்: குரூப்ல குறைவா சம்பாதிக்கிறவரோட பட்ஜெட்டையும், மெதுவா ஓட்டுறவரோட வேகத்தையும் வச்சு ஈவென்ட்டைத் தேர்வு செய்யுங்க. “உனக்கு நான் கட்டுறேன்டா”ன்னு சொல்றது நல்ல மனசுதான், ஆனா எல்லாருக்கும் அதை வாங்கிக்க வராது. அவர் “ஊர்ல விசேஷம்”னு கழண்டுக்குவார்.

கட்டணம் கம்மின்னா நல்ல டீல்னு அர்த்தமில்லை. ஆடாக்ஸ் இந்தியா கிளப்கள் நடத்துற பிஆர்எம் ரைடுகளையே எடுத்துக்கங்க. கட்டணம் குறைவு, ரேங்க் கிடையாது. ஆனா 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில முடிக்கணும். டீ குடிக்கிற நேரம், பஞ்சர் ஒட்டுற நேரம் எல்லாம் இதுக்குள்ளேதான். உங்க பின்னாடியே உதவி வண்டி வரக்கூடாது, கண்ட்ரோல் பாயின்ட்டில மட்டும்தான் உதவி வாங்கிக்கலாம். முதல் தடவை போற ஆறு பேர் மதியத்துக்குள்ள ஆறு இடத்தில இருப்பாங்க! அந்தப் பக்கம் 2008-ல ஆரம்பிச்ச டூர் ஆஃப் நீல்கிரிஸ் மாதிரி பல நாள் ரைடு. கட்டணத்தைப் பார்த்தா மலைப்பா இருக்கும், ஆனா தங்குறது, சாப்பாடு, மெக்கானிக் எல்லாம் அதுக்குள்ளேயே அடங்கிடும். இந்த ரெண்டையும் கட்டணத்தை மட்டும் வச்சு ஒப்பிட்டா கணக்கு தப்பாத்தான் வரும்.

புளியறைப் பக்கம்னா இன்னும் ரெண்டு விஷயம் கேளுங்க. வயலும் மலையுமா அருமையான ரோடு, சந்தேகமே இல்லை. ஆனா கொல்லம் போற தேசிய நெடுஞ்சாலை அது. எஸ் வளைவு, செக்போஸ்ட், கேரளா போற லாரிகள்னு எல்லாம் ஒரே இடத்தில இருக்கு. சாரல் அடிச்சா ரோடு ஈரம். அந்த வளைவை எத்தனை மணிக்குக் கடக்கப் போறோம், ஆம்புலன்ஸ் எங்கே நிக்கும்? இதுக்கு நேரா பதில் சொல்லாதவங்க டி-ஷர்ட் ஃப்ரீயா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

“நோ காஸ்ட் இஎம்ஐ”ல 60,000 ரூபாய் சைக்கிள் எடுத்துட்டு ரைடுக்கு வர்றவங்களும் உண்டு. வட்டியை டிஸ்கவுண்ட்டா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும், பல பேங்க்ல பிராசஸிங் கட்டணமும் உங்க தலையிலதான். முதல் ரைடுக்கு வாடகை சைக்கிளே போதும்.

“சேரிட்டி ரைடு, 80ஜி கிடைக்கும்”னு சொன்னா உஷார். ஜெர்சி, சாப்பாடுன்னு பதிலுக்கு வாங்கிட்டுக் கட்டுற கட்டணம் நன்கொடை ஆகாது. தனியா நன்கொடை கொடுத்து, அந்த அமைப்புக்கு 80ஜி அனுமதியும் இருந்தாத்தான் பேச்சே. நீங்க புதிய வரி முறையில இருந்தா அதுவும் கிடையாது.

கடைசியா இன்ஷூரன்ஸ். சாகச விளையாட்டுல தொழில்முறையா கலந்துக்கிறவங்களுக்குத்தான் ஹெல்த் பாலிசிகளோட வழக்கமான விலக்கு பொருந்தும், வார இறுதியில சும்மா ஓட்டுற நமக்கு இல்லை. ஆனா அது ஆஸ்பத்திரி பில்லை மட்டும்தான் பார்த்துக்கும். தோள் எலும்பு உடைஞ்சு ஆறு வாரம் வீட்டில இருந்து, லீவும் தீர்ந்துபோச்சுன்னா சம்பளம் போகும். அதுக்குப் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியில தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தர்ற பகுதி இருக்கான்னு பாருங்க. இருந்தா அதில சைக்கிள் ஈவென்ட்டுக்கு விலக்கு போட்டிருக்காங்களான்னும் படிச்சுட்டு, அப்புறம் அந்த லிங்க்கைத் திறங்க.