குதிரைகளுக்குக் கிடைத்த மரியாதை

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நின்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1933இல் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. ஆனாலும் மீன்தலைக் கறி சாப்பிடக் கிளம்புகிறவர் இன்றும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குத்தான் போகிறார். திடலுக்குப் பெயர் தந்த ஃபேரர், நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்த வெள்ளைக்காரர். பக்கத்திலுள்ள டோர்செட், ரட்லண்ட், குளோஸ்டர் என்பனவெல்லாம் இங்கிலாந்து ஊர்ப்பக்கத்துப் பெயர்கள். குதிரைகள் போனபின் பல பத்தாண்டுகள் அதே புல்தரையில் பந்தை உதைத்து வளர்ந்தவர்களின் பெயர் மட்டும் சுற்றுவட்டாரத்தில் ஒரு சந்துக்குக்கூட இல்லை. அந்த இடத்தில் சுமார் 1,600 வீவக வீடுகளும் புதிய விளையாட்டு வசதிகளும் வரும் என்று 2020இல் அறிவித்தார்கள். வரட்டும். ஆனால் அந்த வேலை முடிவதற்குள், அங்கே ஆடியவர்களின் பெயர்களைத் திடலிலேயே பொறித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ‘மரபுடைமை’ என்ற பொதுச் சொல்லும், பந்து உதைக்கும் சிறுவனின் சுவரோவியமும் போதாது. யார், எந்த ஆண்டு, எந்த அணிக்கு எதிராக, எத்தனை கோல் என்று விவரமாக எழுத வேண்டும்.

பெரிய ஆட்டக்காரரின் பெயர் தானே நிற்கும், அதற்குப் பலகை எதற்கு என்று கேட்கலாம். நிற்காது. அதற்குச் சான்று ஜெர்மனியின் காட்ஃப்ரீட் ஃபுக்ஸ். கார்ல்ஸ்ரூவில் பிறந்த இந்தத் தாக்குதல் ஆட்டக்காரர், 1910இல் தன் ஊர்க் கழகம் ஜெர்மன் வெற்றியாளர் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். 1912 ஜூலை 1ஆம் தேதி ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரஷ்யாவை ஜெர்மனி 16-0 என்று புரட்டிப் போட்டது. அதில் பத்து கோல் ஃபுக்ஸ் போட்டவை. தொடக்கச் சுற்றுகளிலேயே தோற்ற அணிகளுக்கான ஆறுதல் போட்டி அது, எதிரணியும் பலவீனமானது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். இருக்கட்டும். அனைத்துலக ஆட்டம் ஒன்றில் பத்து கோலுக்கு மேல் ஒருவர் போட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்சன் அமெரிக்க சமோவாவுக்கு எதிராகப் பதின்மூன்று போட்டார். ஜெர்மன் அணியில் ஃபுக்ஸின் பத்தை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அப்படிப்பட்டவரையும் மறைக்க முடிந்தது. ஃபுக்ஸ் யூதர். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர், பிறகு உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓடி, கடைசியில் கனடாவில் ஒதுங்கினார். கார்ல்ஸ்ரூ அணியில் அவரோடு ஆடிய யூலியஸ் ஹிர்ஷும் யூதர். 1912இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர். அவரை 1943 மார்ச்சில் அவுஷ்விட்சுக்கு அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. தேசிய அணி வீரர்களின் படங்களைத் தொகுத்து 1939இல் ‘கிக்கர்’ இதழ் வெளியிட்டபோது இந்த இருவரையும் விட்டுவிட்டது. போட்ட கோல்களை யாரும் திரும்ப எடுக்கவில்லை, ஆட்ட முடிவையும் மாற்றவில்லை. பெயரை எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

என்னை அதிகம் உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். 1972 மே மாதம் மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் திறப்பு ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மோதவிருந்தன. ரஷ்யாவுக்குப் பத்து கோல் போட்டவரை அதற்குச் சிறப்பு விருந்தினராக அழையுங்கள் என்று, 1954 உலகக் கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுவிப்பாளர் செப் ஹெர்பெர்கர் கேட்டுக்கொண்டார். இளமையில் ஃபுக்ஸின் ஆட்டத்தில் சொக்கிப் போனவர் அவர். ஜெர்மன் காற்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. பிறருக்கும் இப்படிச் செய்ய வேண்டிவரும், பணம் இல்லை என்ற வழக்கமான கணக்குப் பேச்சுதான் காரணம். மறுப்புக் கடிதம் எழுதப்பட்டது மார்ச்சில். ஃபுக்ஸோ பிப்ரவரி 25ஆம் தேதியே மாண்ட்ரியலில் காலமாகியிருந்தார். அந்தத் திறப்பு ஆட்டத்தில் கெர்ட் முல்லர் போட்ட நான்கு கோலை ஜெர்மானியர் மறப்பதில்லை. ஹிர்ஷ் பெயரில் அதே சங்கம் ஒரு பரிசை நிறுவ 2005 ஆயிற்று.

கொலைகார அரசு செய்ததைச் சிங்கப்பூரோடு ஒப்பிடுவதா என்று கேட்பது நியாயமான கேள்வி. குற்றத்தில் ஒப்புமை கிடையாது. இங்கே யாரும் யாரையும் வெறுத்துப் பெயரை நீக்கவில்லை. நான் பார்ப்பது 1972ஐ. அப்போது ஹிட்லர் செத்து 27 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மறுப்புக்கு வெறுப்பு தேவைப்படவில்லை, அலுவலகச் சோம்பலே போதுமானதாக இருந்தது. சோம்பல் எல்லா நாட்டிலும் உண்டு.

நம் கணக்குக்கு வருவோம். 1977 மே 28ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் கூடுதல் நேரத்தில் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அணியில் குவா கிம் சோங், டோலா காசிம் ஆகியோரோடு எஸ். ராஜகோபால் இருந்தார். பந்தை வாழைப்பழம் போல வளைத்து உதைப்பதில் பேர்போனவர். அணித்தலைவர் சமது அல்லாபிச்சை, பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீ. அதற்குப் பிந்திய தலைமுறையில் வி. சுந்தரமூர்த்தி. 1993இல் புருணைக்கு எதிராகத் தரைக்கு முதுகு காட்டி, தலைக்கு மேலாகக் கத்தரிபோல் காலை வீசி அவர் அடித்த கோலைப் பார்த்தவர்கள் இன்றும் கைகளை ஆட்டாமல் விவரிப்பதில்லை. இன்றைய இளையர்களில் பலருக்கு அவர், 2018இல் பொறுப்பிலிருந்து விலகிய தேசியப் பயிற்றுவிப்பாளர் மட்டுமே. நாற்பது வயதைத் தாண்டாத ஒருவருக்கு ராஜகோபாலைத் தெரிந்திருந்தால் அது அவர் அப்பா சொன்னதாகத்தான் இருக்கும். ஒரு தலைமுறைக்குள்ளேயே இந்த நிலை.

அணி பல இனத்தவருடையது, இந்தியப் பெயர்களை மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்றால், நான் கேட்பது முழு அணியின் பட்டியலை. ஃபேரர் பார்க் யுனைடெட் கழகத்தில் தொடங்கிய மாலிக் அவாபின் பெயருக்கு அந்தத் திடலில் எல்லாருக்கும் முந்திய உரிமை உண்டு. சமது, ராஜகோபால், கிம் சோங், டோலா என்று வரிசையாக எழுதினால் பல இனம் என்பதைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இராது. நிலம் போதாது என்ற வாதமும் இங்கே எடுபடாது. ஒரு சுவரின் நீளம் போதும், ஒரு வீட்டைக்கூடக் குறைக்க வேண்டாம். புகழ்பெற்றவர்களுக்கு விருதுகளும் பாராட்டுகளும் ஏற்கெனவே உண்டே என்பார்கள். அவை விழா மேடையோடு முடிகின்றன. சனிக்கிழமை மாலை பந்தோடு வரும் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணில் படுவது திடலில் இருப்பதுதான்.

யார் எழுதுவது என்பதற்கும் வழி இருக்கிறது. தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் பழைய செய்தித்தாள்கள் கிடைக்கின்றன, 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அவற்றில் ஒன்று. ஆட்ட முடிவுகளும் கோல் போட்டவர்களின் பெயர்களும் விளையாட்டுப் பக்கங்களில் கிடக்கின்றன. வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் மனிதர்களின் பேச்சைப் பதிந்து வருகிறது. பல்கலைக்கழக மாணவர் சிலரை ஓர் ஆண்டு உட்காரவைத்தால் பட்டியல் தேறிவிடும். காத்திருக்க நேரம்தான் இல்லை. சூ செங் குவீ 1983இலேயே போய்விட்டார். டோலா காசிம் 2009இல் ஃபேரர் பார்க்குக்கு அருகிலுள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கில் மூத்த வீரர்களின் ஆட்டம் ஒன்றில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். நினைவு திரும்பாமல் மறு ஆண்டு இறந்தார். 1977 அணியில் எஞ்சியிருப்பவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். வீவக வீடுகளின் சாவிகளைக் கொடுக்கும் நாளில் அவர்களில் யாரையேனும் அழைத்து அந்தச் சுவரைத் திறக்கச் சொல்லலாம். அழைப்பிதழை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே அச்சடித்துவிட வேண்டும்.