கிளீனராக உழைத்த வருடங்களும் கணக்கில் வரவேண்டும்



"லொறிச் சாரதி தேவை. அனுபவம் அவசியம்." இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராத இளைஞன் நமது லயங்களில் குறைவு. தாயின் தோட்டை அடகு வைத்து அனுமதிப்பத்திரம் எடுத்த பிள்ளை, "வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறான். நியாயமான கேள்வி.

ஆனால் நாம் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே அனுபவம் இல்லையா?

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகளைப் பாருங்கள். சாரதிக்குப் பக்கத்தில் கிளீனராக இருப்பவன் பல நேரம் தோட்டத்துப் பிள்ளைதான். மூட்டை ஏற்றுவது, படங்கு கட்டுவது, டயர் மாற்றுவது, பின்னால் எடுக்கும்போது வழிகாட்டுவது எல்லாம் அவன் வேலை. கினிகத்தேனை இறக்கத்தில் எந்த கியரில் இறங்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். நான்கைந்து வருடம் இப்படி உழைக்கிறான். ஆனால் அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இல்லை. அடுத்த முதலாளியிடம் போனால் அவன் "புதியவன்".

ஊழியர் சேமலாப நிதி என்றால் வயதான பிறகு கிடைக்கும் பணம் என்றே நாம் நினைக்கிறோம். இளைஞனுக்கு அது வேறொன்றாகவும் பயன்படும். எங்கே, எத்தனை வருடம் வேலை செய்தான் என்பதற்கு அதுவே சாட்சி. தற்காலிக ஊழியருக்கும் நாட்சம்பளக்காரருக்கும் அது உரியது. தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதத்தை முதலாளியே செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வாகனத் திருத்தம் போன்ற தொழில்களில், செய்த வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. அதற்கும் வேலை செய்ததற்கான அத்தாட்சி கேட்பார்கள்.

ஆகவே இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: லொறியில் ஏறும் முதல் நாளே சேமலாப நிதியைப் பற்றிக் கேளுங்கள். வேலையை விடும்போது சேவைக் கடிதம் வாங்காமல் விடாதீர்கள். 18 வயதானதும் இலகுரக வாகன அனுமதிப்பத்திரத்தை எடுங்கள். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சிறிய லொறியில் தொடங்கி, பிறகு கனரக வாகனத்துக்குப் போங்கள். அனுமதிப்பத்திரம் கைக்கு வருமுன் "லொறியைக் கொஞ்சம் முன்னுக்கு எடு" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். விபத்து நடந்தால் சொன்னவர் ஒதுங்கிக்கொள்வார், வழக்கு உங்கள் தலையில் விழும். பெற்றோரே, வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து லொறிச் சாரதி ஓய்வு பெற்றால் வெளியாளைத் தேடுவது ஏன்? அதே தோட்டத்தில் அனுமதிப்பத்திரத்தோடு காத்திருக்கும் பிள்ளையை, ஓய்வு பெறும் சாரதியின் பக்கத்தில் ஆறு மாதம் வைத்துப் பழக்கினால் என்ன குறைந்துவிடும்? வண்டி ஓட்டும் விருப்பமும் அனுமதிப்பத்திரமும் உள்ள நம் பெண் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். போக்குவரத்து ஒப்பந்தக்காரரிடம் இருந்தால், அவர் கிளீனருக்கும் சேமலாப நிதி கட்டுகிறாரா என்று பார்த்த பிறகே ஒப்பந்தம் கொடுக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, தலைவிகளே! உங்கள் தோட்டத்திலிருந்து லொறிகளில் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை இந்த மாதமே தயாரியுங்கள். யாருக்குச் சேமலாப நிதி இல்லை என்று அதில் குறித்து அனுப்புங்கள். மலைநாட்டின் பாதைகளை வெட்டியவர்கள் நம் முன்னோர். அந்தப் பாதையில் நம் பிள்ளைகள் லொறியின் பின்னால் மூட்டையோடு மட்டுமே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.