கீழே கடை, மேலே வீடு: தீத்தடுப்பும் பிளாஸ்டிக் குழாயும்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் காத்தான்குடி போன்ற ஊர்கள் இனி அகலமாக வளர வழியில்லை. உயரமாகவே வளர வேண்டியுள்ளன. மட்டக்களப்பு நகரிலும் ஏறாவூரிலும் நிலை பெரிதும் வேறன்று. கீழ்த்தளத்தில் புடவைக்கடை, அதன் பின்னால் களஞ்சிய அறை, மேலே குடும்பம் வாழும் வீடு என்பதே இன்று பிரதான வீதிகளின் தோற்றமாகிவிட்டது. நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கும் வேளைகளில் படிக்கட்டு வரையிலும் துணிப்பொதிகள் அடுக்கப்படுவதை நாம் அனைவரும் அறிவோம்.

இத்தகைய கட்டடங்களில் தீ மூண்டால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2010 ஜூனில் டாக்கா நகரின் நிம்தொலியில் சுமார் 120 பேரும், 2019 பெப்ரவரியில் அதே நகரின் சவுக்பஜாரில் சுமார் 70 பேரும் உயிரிழந்தனர். இரண்டு இடங்களிலும் எரியக்கூடிய சரக்குக்கு மேலேயும் அருகேயும் மக்கள் வாழ்ந்தனர். அதே டாக்காவின் பெய்லி வீதியில் 2024 பெப்ரவரியில் உணவகங்கள் நிறைந்த ஏழு மாடிக் கட்டடம் எரிந்ததில் 46 பேர் மாண்டனர். நெருக்கமான ஒழுங்கைகளில் தீயணைப்பு வாகனம் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடுகின்றது. எனவே கட்டடம் தன்னைத்தானே காக்கும் ஏற்பாடு அவசியமாகின்றது.

அவ்வேற்பாடே தானியங்கி நீர்த்தெளிப்பான். பொதுவாகச் சுமார் 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் கண்ணாடிக் குமிழ் வெடித்து நீர் பாய்கின்றது. ஒன்று திறந்தால் அனைத்தும் திறந்து வீடு முழுவதும் நனையும் என்பது தவறான எண்ணம். வெப்பம் தாக்கிய முனை மட்டுமே திறக்கும். எனினும் உருக்குக் குழாய்களின் விலையும் உப்புக்காற்றில் அவை துருப்பிடிப்பதும் பலரைத் தயங்க வைக்கின்றன. இங்கேதான் பிளாஸ்டிக் குழாய் பற்றிய கேள்வி எழுகின்றது.

இதற்கென 1980களில் அறிமுகமான சிபிவிசி குழாய், நாம் கிணற்று நீருக்குப் பயன்படுத்தும் சாதாரண பிவிசி அன்று. கூடுதலாகக் குளோரின் ஏற்றப்பட்டதால் அது எளிதில் எரிவதில்லை. உள்ளே நிறைந்துள்ள நீரும் அதனைக் குளிர்வித்துக் காக்கின்றது. துருப்பிடிப்பதில்லை, பொருத்துவதும் எளிது. ஆயின் அதற்கு எல்லைகள் உண்டு. உலகெங்கும் பின்பற்றப்படும் என்.எப்.பி.ஏ 13 என்னும் அமெரிக்கத் தராதரம், வீடு, அலுவலகம் போன்ற தாழ்ந்த அபாயப் பகுதிகளுக்கே பெரும்பாலும் அதனை அனுமதிக்கின்றது. கடையும் களஞ்சியமும் அந்த வகையில் அடங்குவதில்லை. எப்போதும் நீர் நிறைந்திருக்கும் அமைப்புக்கே அது உகந்தது. நேரடி வெயில் படலாகாது. சிலவகை எண்ணெய்களும் வர்ணப்பூச்சுகளும் பட்டால் வெடிப்பு உண்டாகும்.

ஆகவே கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத்திற்கான விடை தெளிவானது. கீழே கடைக்கும் களஞ்சியத்திற்கும் உருக்குக் குழாய். மேலே வீட்டுக்குத் தரச்சான்று பெற்ற சிபிவிசி. வீட்டுக்குச் செல்லும் குழாய் கடையின் கூரையோடு திறந்தவாறு ஓடக்கூடாது. அவ்வாறு ஓடினால், கீழே மூளும் தீ மேலே உறங்குவோரின் காவலையே முதலில் அறுத்துவிடும். இரு தளங்களுக்கும் இடையிலுள்ள கொங்கிறீட் தட்டில் குழாய்க்காக இடப்படும் துளைகளும் தீ புகாதவாறு அடைக்கப்பட வேண்டும். அந்த அடைப்புப் பொருளும் சிபிவிசியைப் பாதிக்காத வகையினதாக இருத்தல் வேண்டும்.

நீரும் போதியதாக இருக்க வேண்டும். மேற்படி தராதரம் தாழ்ந்த அபாயப் பகுதிக்கு 30 நிமிடங்களுக்கும், கடை போன்றவற்றுக்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கும் நீர் கேட்கின்றது. மின்சாரம் தடைப்பட்டால் இயங்காத பம்பியை நம்பித் தெளிப்பான் பொருத்துவது வீண் செலவே.

நாம் அஞ்சுவது சிபிவிசியை அன்று. அதன் பெயரால் நுழையக்கூடிய மலிவான மாற்றீட்டையே. வன்பொருள் கடையில் கிடைக்கும் சாம்பல் நிறக் குழாயைப் பொருத்திவிட்டுத் தெளிப்பான் உண்டென்று காட்டுவது, தெளிப்பானே இல்லாதிருப்பதிலும் ஆபத்தானது. இல்லாத காவலை இருப்பதாக நம்பி அக்குடும்பம் உறங்கும்.

கட்டட அனுமதி வழங்கும் மாநகர சபையும் நகர சபைகளும் பிரதேச சபைகளும் குழாயின் வகை, பாதை, நீர்த்தாங்கியின் கொள்ளளவு ஆகியவற்றை வரைபடத்திலேயே கோர வேண்டும். கூரை மூடப்படுமுன் நேரில் பரிசோதித்த பின்னரே இணக்கச் சான்றிதழ் வழங்க வேண்டும். மட்டக்களப்பு மாநகர சபையின் தீயணைப்புப் படையினரது ஆலோசனையை அயற்சபைகளும் பெறுவதில் தடையேதும் இருக்கலாகாது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் வர்த்தக சங்கங்களும் தம் உறுப்பினரிடையே இதனை எடுத்துச் சொல்லலாம்.

சுனாமியையும் யுத்தத்தையும் கடந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எழுப்பப்பட்டவை இக்கட்டடங்கள். தீ இனம் பார்த்து மூள்வதில்லை. ஒரு சுவரின் இருபுறமும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஆபத்தையே பகிர்கின்றனர். இழப்பு நேர்ந்தபின் விசாரணைக் குழு அமைப்பதைவிட, கூரை மூடப்படுமுன் ஒரு குழாயைச் சரிபார்ப்பது எளிது.